ஒன்பது அங்குலம் வேண்டுமா?

பழைய மஸ்டாங் கார் வைத்திருக்கும் ஒருவர், அதன் பின் ஆக்ஸிலை மாற்றப்போவதாக வாய்திறந்து சொல்லிவிட்டால் போதும். கேட்டுக்கொண்டிருப்பவர் எவராயினும், காரின் வயதையோ, எஞ்சினின் சக்தியையோ, சொந்தக்காரரின் கையிருப்பையோ ஒரு வார்த்தை விசாரிக்காமல், "ஒன்பது அங்குலம் போட்டுவிடுங்கள்" என்று தீர்ப்பளித்துவிட்டு அடுத்த காரைப் பார்க்கப் போய்விடுகிறார்.

சென்ற ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் (டெட்ராய்ட் நகரிலிருந்து வடமேற்கே செல்லும் பெரிய சாலை, 1995 முதல் ஆண்டுதோறும் பழைய கார்களின் பவனி நடப்பது அங்கேதான்) என் காரை நிறுத்தியிருந்தபோது, பின்புறம் குனிந்து பார்த்தவர்கள் பலரும் இதே தீர்ப்பைச் சொல்லக் கேட்டு எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாயிற்று. அவர்கள் புகழ்ந்த வஸ்து உயர்ந்த வஸ்துதான். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் ஒரு காருக்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்பது, அந்தக் கார் எதை இழுக்கப்போகிறது, எங்கே ஓடப்போகிறது என்று தெரிந்த பிறகு நிர்ணயிக்க வேண்டிய சமாசாரம் அல்லவா?

ஆகவே இந்த நீண்ட பதிவு. அவசரமில்லாதவர்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

முதலில் என் காரின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1964 ஏப்ரல் 17ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அரங்கேறியது. 1966 மாடலில் மட்டும் 6,07,568 கார்கள் தயாராயின. அவற்றுள் ஒன்று என்னுடையது. அதன் வண்டி எண் 6எஃப்07டி என்று தொடங்குகிறது. '6' என்பது 1966. 'எஃப்' என்பது டியர்பார்ன் தொழிற்சாலை. '07' என்பது கூப்பே உடல். கடைசியில் நிற்கும் அந்த 'டி' என்ற எழுத்துதான் இந்த விருத்தாந்தத்துக்கே மூலகாரணம். ஏனெனில், ஆறு சிலிண்டர்களும் 200 கன அங்குலக் கொள்ளளவும் உடைய 120 குதிரைச் சக்தி எஞ்சினோடு டியர்பார்னை விட்டு வெளியேறிய கார் அது என்பதற்கு அந்த எழுத்தே சாட்சி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த ஒரே ஆண்டில், ஒரே பெயர் கொண்ட காருக்கு, ஃபோர்டு யந்திரவல்லுநர்கள் மூன்று விதமான பின் ஆக்ஸில்களைப் பொருத்தினார்கள். ஆறு சிலிண்டர் காருக்கு, கிரவுன் சக்கரத்தின் (ஆக்ஸிலின் உள்ளே சுழலும் பெரிய பற்சக்கரத்தின்) விட்டம் 7.25 அங்குலம் உள்ள சின்ன ஆக்ஸில். சக்கரத்துக்கு நான்கே நட்டுகள். சாதாரண வி-8 எஞ்சின் காருக்கு 8 அங்குலம், ஐந்து நட்டுகள். 'கே' என்ற எழுத்தைத் தாங்கிய, 271 குதிரைச் சக்தி கொண்ட விசேஷ வி-8 காருக்கு மட்டும் 9 அங்குலம். பணத்தை மிச்சம் பிடிக்கும் நோக்கமும் அதில் இருந்திருக்கும். இருப்பினும், எஞ்சினின் முறுக்கு விசையைக் கணக்கிட்டு அதற்கேற்ற ஆக்ஸிலைக் கொடுப்பது என்ற நல்ல சம்பிரதாயத்தை இந்தக் காரின் கர்த்தாக்களே நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. "ஒன்பது அங்குலம் போடுங்கள்" என்பவர்கள் அந்தச் சம்பிரதாயத்தை மறந்துவிடுகிறார்கள்.

என் காரில் இப்போது இருப்பது பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் அன்று. 1980களின் கடைசியில் வந்த மஸ்டாங்கின் 302 கன அங்குல வி-8 எஞ்சினும், டி-5 என்னும் ஐந்து வேகக் கியர் பெட்டியும் அதில் குடியேறி வெகுகாலமாகிறது. பழைய எஞ்சினின் முறுக்கு விசை 190 பவுண்டு-அடி. புதியதன் விசை 300. முதல் கியரின் விகிதம் 3.35, பின் ஆக்ஸிலின் விகிதம் 3.20 என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்தால், கிளட்சை விட்டு முழுவேகம் கொடுக்கும் அந்தக் கணத்தில் ஆக்ஸிலின் தலையில் கிட்டத்தட்ட 3,200 பவுண்டு-அடி விசை இறங்கக்கூடும் என்று ஆகிறது.

அப்படியானால், எஞ்சின் மாறியும் மாறாமலிருந்த அந்தச் சின்ன ஆக்ஸில் ஏன் உடனே உடைந்துவிடவில்லை? டயர்தான் காரணம். ஒல்லியான பழைய டயர், அவ்வளவு விசையும் வந்து சேருவதற்கு முன்பே தரையில் வழுக்கிச் சுழன்று, ஆக்ஸிலைக் காப்பாற்றிவிடுகிறது. அகலமான நல்ல டயரை மாட்டும் தினத்தன்று அந்தத் தயவு நின்றுபோகிறது. விசைக்கு வேறு போக்கிடம் இல்லாமல், பற்களின்மேலும் ஷாஃப்டின்மேலும் முழுப்பாரமும் விழுகிறது. என் காரிலும் அப்படியே நேர்ந்தது. டயர் மாற்றிய சில காலத்துக்கெல்லாம், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ஒரு ஓலம். மறுபடி அழுத்தினால் 'டக்' என்று ஓர் அடி. திறந்து பார்த்ததில் கிரவுன் சக்கரத்திலும், அதைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரமான பினியனிலும் பற்களின் விளிம்புகள் பொரிந்து போயிருந்தன.

இனி, அந்தப் பிரசித்தி பெற்ற ஒன்பது அங்குலத்தின் பெருமையையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

1957 மாடலில் அறிமுகமாகி 1986 வரையில் தயாரிக்கப்பட்ட அந்த ஆக்ஸிலில், கிரவுன் சக்கரமும் பினியனும் டிஃபரன்ஷியலும் ஒரே கட்டாக முன்பக்கமாகக் கழன்று கையில் வந்துவிடும். மேஜைமேல் வைத்து, நிமிர்ந்து நின்று, நல்ல வெளிச்சத்தில் பழுது பார்க்கலாம். (காருக்கடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் துரு விழ வேலை செய்து பார்த்தவர்களுக்கு இது எத்தகைய வரப்பிரசாதம் என்பது தெரியும்.) தவிரவும், மற்ற பல ஆக்ஸில்களில் பினியன் தன் கழுத்தில் மட்டும் பேரிங்குகளைத் தாங்கிக்கொண்டு பற்களை அந்தரத்தில் நீட்டியிருக்க, இதில் பற்களுக்கு அப்பாலும் மூன்றாவது பேரிங் ஒன்று பிடித்துக்கொள்வதால், எவ்வளவு பாரம் வந்தாலும் பினியன் விலகிக் கொடுப்பதில்லை. பந்தயக்காரர்கள் அதைக் கொண்டாடுவதற்கு இவை போதுமான காரணங்கள்.

ஆனால் அந்த வலிமைக்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஆதியில் பினியன், கிரவுன் சக்கரத்தின் மையத்துக்கு நேராக வந்து பொருந்தியது. ரோச்செஸ்டர் நகரத்து கிளீசன் கம்பெனியார், பினியனை மையத்துக்குக் கீழே இறக்கிப் பொருத்தும் 'ஹைபாய்ட்' பல்லமைப்பை 1920களில் உருவாக்கினார்கள். பாக்கார்ட் கம்பெனி 1926இல் அதைக் காரில் உபயோகித்தது. பினியன் தாழ்ந்ததால், கியர் பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்ட் தாழ்ந்தது. ஷாஃப்ட் தாழ்ந்ததால் காரின் தளமும் தாழ்ந்து, உள்ளே உட்கார்பவர்களுக்குச் சௌகரியம் உண்டாயிற்று. பல்லும் பெரிதாகிப் பலம் கூடியது. அதே சமயத்தில், அம்மியின்மேல் குழவி உருளும்போது கூடவே சற்று இழுபடவும் செய்கிறதல்லவா, அதுபோல ஹைபாய்ட் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. எவ்வளவு தாழ்வோ அவ்வளவு வழுக்கல். எவ்வளவு வழுக்கலோ அவ்வளவு உராய்வும் உஷ்ணமும். ஒன்பது அங்குலத்தில் இந்தத் தாழ்வு இரண்டு அங்குலத்துக்கும் மேல். நான் போட்ட ஆக்ஸிலில் அது சுமார் ஒன்றரை அங்குலமே. எஞ்சின் பாடுபட்டு உண்டாக்கும் சக்தியில் கொஞ்சத்தை, தினந்தோறும், ஒவ்வொரு மைலிலும், ஒன்பது அங்குலம் உஷ்ணமாக வாங்கிக்கொள்கிறது என்பது இதனால் விளங்கும். ஆயிரம் குதிரைச் சக்தி கொண்ட பந்தயக் காருக்கு அது ஒரு பொருட்டல்ல. 225 குதிரைச் சக்தியோடு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போய்வரும் காருக்கு?

நான் தேர்ந்தெடுத்தது 8.8 அங்குல ஆக்ஸில். அதுவும் ஃபோர்டு பிறப்புதான். 1983 முதல் லாரிகளிலும், 1986 முதல் மஸ்டாங்கிலும் வந்தது. ஆனால் என் கண் போனது 1995க்கும் 2001க்கும் இடைப்பட்ட எக்ஸ்புளோரர் வண்டிகளின்மேல். சுமார் இரண்டு டன் எடையுள்ள அந்தக் குடும்ப வண்டிகளின் பின் ஆக்ஸிலில், பழைய கார்க்காரனுக்கு வேண்டிய அத்தனையும் ஒருங்கே அமைந்திருக்கின்றன: ஷாஃப்டில் 31 ஸ்பிளைன் (முனையைச் சுற்றியுள்ள பல்வரிகள்), மூன்றேகால் அங்குலப் பருமனுள்ள குழாய்கள், டிஸ்க் பிரேக்குகள், நாலரை அங்குல வட்டத்தில் ஐந்து நட்டுகள். வி-8 மஸ்டாங்கின் சக்கரத்துக்கும் அதே ஐந்து, அதே நாலரை! வேறு வேறு தலைமுறையில் பிறந்த இரண்டு வண்டிகளின் அளவு இப்படி ஒத்துப்போவதைக் கண்டபோது எனக்கு உண்டான ஆனந்தத்தை விவரிக்கச் சொற்கள் இல்லை. ஸ்பிளைன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஷாஃப்டின் முறுக்குவலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே 28 ஸ்பிளைனிலிருந்து 31க்குப் போகும்போது விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலும், வலிமை சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் முற்றங்களில் தேடுவது தனி அனுபவம். எக்ஸ்புளோரரின் கதவோரச் சீட்டில் ஆக்ஸிலுக்கு நேராக 'டி4' என்று அச்சிட்டிருந்தால், விகிதம் 3.73 என்றும், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாதபடி தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் உள்ளே இருக்கிறது என்றும் அர்த்தம். நான் அதைத்தான் தேடினேன். மிச்சிகனில் பனிக்காலம் முழுவதும் சாலைகளில் உப்பைக் கொட்டுவதால், இங்கே கிடைக்கும் ஆக்ஸில்களில் பிரேக்கின் பின்தகடு பெரும்பாலும் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருக்கும். கைபேசியில் பேசிய ஒரு வியாபாரி, படத்தில் நன்றாகத் தெரிந்த ஒன்றை வரவழைத்துக் கொடுத்தபோது, அதன் குழாயைச் சுத்தியால் தட்டியதும் பாளம் பாளமாகத் துரு உதிர்ந்தது. கடைசியில் நேரில் போய், தட்டிப் பார்த்து, மூடியைத் திறந்து பற்களைப் பார்த்து, கையால் சுற்றிப் பார்த்து வாங்கினேன். ஒன்பது அங்குலத்துக்குக் கேட்கும் விலையில் அது ஒரு சிறு பகுதிதான்.

இப்போது விஷயத்தின் இருதய ஸ்தானத்துக்கு வருகிறோம்.

எக்ஸ்புளோரர் ஆக்ஸில் ஓரத்துக்கு ஓரம் 59.5 அங்குலம், மஸ்டாங்குக்கு வேண்டியது சுமார் 57. அதோடு, எக்ஸ்புளோரரில் பினியன் நடுவில் இல்லை. வலது பக்கமாகச் சுமார் இரண்டு அங்குலம் ஒதுங்கி நிற்கிறது. இந்த இரண்டு குறைகளையும் ஒரே வெட்டில் போக்கும் உபாயம் ஒன்று உண்டு; அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவருக்கு என் நமஸ்காரம். நீளமான இடது குழாயில் சுமார் மூன்று அங்குலம் வெட்டியெடுத்து மறுபடி ஒட்டிவிட்டால், இடது பக்கமும் வலது பக்கத்தின் அளவுக்கு வந்துவிடுகிறது. மற்றொரு எக்ஸ்புளோரரிலிருந்து இன்னொரு வலது ஷாஃப்ட் வாங்கி இடதில் சொருகிக்கொள்ளலாம். மொத்த அகலம் சுமார் 56.5 அங்குலமாகி, பினியனும் ஏறக்குறைய நடுவுக்கு வந்துவிடுகிறது. புதிதாக எந்த ஷாஃப்டும் செய்ய வேண்டியதில்லை.

சொல்லுவதற்கு இரண்டு வாக்கியம். செய்வதற்குப் பொறுமை வேண்டும்.

வெல்டிங்கின் உஷ்ணம் இரும்பை இழுக்கும் சுபாவமுடையது. ஒரு பக்கத்தில் நீளமாகப் பற்றவைத்தால், குழாய் அந்தப் பக்கமாக வளைந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு, சில ஆயிரம் மைலுக்குள் பேரிங்கையும் சீலையும் தின்றுவிடும். ஆகையால் ஆக்ஸிலின் இரு முனைகளுக்கும் ஊடாக நேரான எஃகுத் தண்டு ஒன்றைச் செலுத்தி, அது தடையின்றிச் சுழலுகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே, கொஞ்சம் இங்கே, கொஞ்சம் எதிர்ப்பக்கத்தில் என்று மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்துகொடுத்த நண்பர் (நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை, இங்கே அச்சுவார்ப்புத் தொழிலில் இருக்கிறார்) என் அவசரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, பத்த வைக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும். ஆற விடுறதுலதான் வேலையே இருக்கு. போய்க் காபி குடிச்சிட்டு வாங்க" என்றார். குழாய் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும் வரையில் அவர் அடுத்த பற்றை வைக்கவே இல்லை. குழாய்கள் நடுவிலுள்ள வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் அழுத்திச் செருகப்பட்டவை. மிகுந்த விசையில் அவை திருகிக்கொள்ளக்கூடும் என்பதால், கூட்டைச் சூடாக்கி, நிக்கல் கலந்த கம்பியால் அந்த இணைப்புகளையும் சுற்றிலும் பற்றவைத்தார்.

அடுத்தது பினியனின் சாய்வு. இதைப்பற்றி ஒரு பாகமே எழுதலாம்.

கியர் பெட்டியிலிருந்து ஆக்ஸிலுக்குச் செல்லும் ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸ் என்னும் மூட்டு இருக்கிறதல்லவா? கிராஸ் ஒரு கோணத்தில் சுழலும்போது, வேகத்தை ஒரே சீராகக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தயங்குகிறது. முன்கிராஸின் தயக்கத்தைப் பின்கிராஸ் நேர் எதிராகச் சரிக்கட்டிவிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு, கியர் பெட்டியின் அச்சும் பினியனின் அச்சும் இணையாக இருக்கவேண்டும். ஆனால் வண்டி வேகமெடுக்கும்போது பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கை மேலே தூக்கும். ஆகையால் நிற்கும்போது மூக்கு சற்றுத் தாழ்ந்திருந்தால்தான் ஓடும்போது இணையாகும். எவ்வளவு தாழ்வு? புத்தகங்கள் ஒன்று சொல்லும். பந்தயக்காரர்கள் ஒன்று சொல்லுவார்கள். நாங்கள் ஸ்பிரிங் உட்காரும் தாங்கிகளை, கார் தன் முழு எடையோடு சக்கரங்களின்மேல் நிற்கும் நிலையில் அளந்து, சரி இணையாகப் பற்றவைத்துவிட்டு, ஆப்பு வடிவமான எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தோம். ஆப்பு இல்லாதபோது, வேகமெடுக்கும் சமயத்தில் இருக்கையின் அடியில் ஒரு நடுக்கம். 4 டிகிரி ஆப்பு வைத்தால் அது மறைந்து, சீராக ஓடும்போது ஒரு முனகல். 2 டிகிரியில் இரண்டும் இல்லை.

அந்த நிசப்தத்தைக் கேட்டபோது உண்டான திருப்தி பெரிது!

பல் இடைவெளிக்கும் இதே சிரத்தை தேவை. புதிய பேரிங்குகள் போட்டதால், நசுங்கும் குழலையும் புதிதாகப் போட்டு, பினியனைச் சுழற்ற 16 முதல் 29 அங்குல-பவுண்டு விசை வேண்டியிருக்கும்படி நட்டை இறுக்கினோம். (கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டால் தளர்த்திப் பிரயோஜனமில்லை, குழல் நசுங்கினது நசுங்கினதுதான், வேறொன்று வாங்க வேண்டும்.) கிரவுன் சக்கரத்துக்கும் பினியனுக்கும் நடுவே பேக்லாஷ் பொதுவாக ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 8 முதல் 15 பாகம் வரை இருக்கலாம். இருபுறமும் ஷிம் தகடுகளை மாற்றி, டயல் கேஜ் வைத்து, அதை அந்த அளவுக்குக் கொண்டுவந்தோம். பிறகு பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்தோம். லிமிடெட் ஸ்லிப் உள்ள ஆக்ஸிலில் எண்ணெயோடு அதற்கென்று விற்கும் உராய்வுத் திரவத்தையும் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் திருப்பங்களில் உள்ளிருக்கும் கிளட்சுத் தகடுகள் அதிர்ந்து சத்தமிடும்.

மற்றவை சில்லறை வேலைகள். கியர் பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்டின் நீளத்தைக் குறைத்துச் சமநிலைப்படுத்தினோம். பருத்த குழாய்க்கேற்ற யூ போல்ட்டுகள் வாங்கினோம். கைப்பிரேக் கேபிளை இணைத்தோம். முன்சக்கரங்களும் ஐந்து நட்டுக்கு மாறின.

இப்போது கார் எப்படி ஓடுகிறது? டி-5 பெட்டியின் ஐந்தாம் கியர் 0.68, ஆக்ஸில் 3.73. இரண்டும் சேர்ந்து 2.54 ஆகிறபடியால், மணிக்கு 60 மைல் வேகத்தில் எஞ்சின் சுமார் 2,000 சுற்றோடு நிதானமாக ஓடுகிறது. முதல் கியரிலோ, பச்சை விளக்கு விழுந்ததும் இரண்டு சக்கரங்களும் ஒருங்கே தரையைப் பற்றிக்கொண்டு காரை முன்னுக்குத் தள்ளுகின்றன. ஓலமில்லை, அடியுமில்லை.

8.8இல் ஒரு குறை உண்டு, அதை மறைக்கலாகாது. அதன் ஷாஃப்டுகளை உள்முனையில் ஒரு சின்ன 'சி' வடிவக் கிளிப் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஷாஃப்ட் முறிந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடக்கூடும். ஒன்பது அங்குலத்திலோ ஷாஃப்டை வெளிமுனையிலேயே தகடு போட்டுப் பிடித்திருக்கிறார்கள். ஆகையால் என் அபிப்பிராயம் இதுதான்: பந்தயப் பாதையில் வழுக்காத டயரோடு ஐந்நூறு, அறுநூறு குதிரைச் சக்தியை இறக்கப்போகிறவர்கள் தாராளமாக ஒன்பது அங்குலத்துக்குப் போகட்டும். ஆறு சிலிண்டர் எஞ்சினையே வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, டியர்பார்ன் கொடுத்த 7.25ஐ நல்ல எண்ணெயோடு பேணினால் போதும். சாதாரண 302 எஞ்சினோடு சாலையில் ஓட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு எக்ஸ்புளோரரின் 8.8 தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தை வேறு நல்ல காரியத்துக்குச் செலவிடலாம்.

அந்த நல்ல காரியம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1966 மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை கொண்டது. ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தாலும் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே போய்விடும். 1967 மாடலிலிருந்துதான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை வந்தது. பின்னால் டிஸ்க் வந்த பிறகு அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு ஒன்றும் அவசியமாகிறது. டிரம்முக்கென்று குழாயில் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். ஆகவே, நண்பர்களே, உங்கள் காரில் இன்னும் அந்த ஒற்றை அறைச் சிலிண்டர் இருக்குமானால், எஞ்சினுக்கும் ஆக்ஸிலுக்கும் பணம் சேர்ப்பதை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அதை மாற்றிவிடுங்கள்.